என்ன படித்தீர், தோழரே?

ஏடுகள் மாளிகையிலும் மடாலயத்திலும் அடைபட்டுக் கிடந்த காலம் ஒன்றிருந்தது. பிரபு வாங்கினார், அழகுக்கு அடுக்கினார். பாதிரியார் படித்தார், தமக்கு வேண்டியதை மட்டும் மக்களுக்குச் சொன்னார். உழைப்பவனுக்கு உளியும் சுத்தியலும் போதும், நூல் எதற்கு என்பதே அன்றைய நியதி. அந்த நியதியை அமெரிக்க மண்ணில் அசைத்தவர்கள் அரசர்களல்லர். பட்டறையில் பாடுபட்டு, அந்தி வேளையில் கூடிப் பேசிய சில இளைஞர்கள்.

அவர்களைக் கூட்டியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1706-இல் பாஸ்டன் நகரில், சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்றவரின் மகனாகப் பிறந்தார். பள்ளியில் பயின்றது இரண்டே ஆண்டுகள். பத்து வயதில் தந்தையின் தொழிலுக்கும், பன்னிரண்டு வயதில் அண்ணனின் அச்சுக்கூடத்துக்கும் அனுப்பப்பட்டார். 1723-இல், பதினேழாம் வயதில், பிழைப்புத் தேடிப் பிலடெல்பியா வந்து சேர்ந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1727-இல், 'ஜுண்டோ' என்னும் மன்றத்தை நிறுவினார்.

யார் அதன் உறுப்பினர்? கண்ணாடி பதிக்கும் தொழிலாளி ஒருவர். தாமே கணக்குக் கற்றுத் தேர்ந்தவர். காலணித் தொழில் பயின்றவர் ஒருவர். பின்னாளில் நில அளவைத் துறைத் தலைவரானவர். தச்சர் ஒருவர், பத்திரம் எழுதுபவர் ஒருவர், வணிகரிடம் கணக்கெழுதியவர் ஒருவர், அச்சுத் தொழிலாளர் சிலர். வசதி படைத்த இளைஞர் ஒருவரும் இருந்தார். பட்டறையில் இடுப்பிலே கட்டும் தோலாடையின் பெயரால் 'தோலாடைக் கழகம்' என்றும் அம்மன்றம் அழைக்கப்பட்டது.

வெள்ளிதோறும் மாலையில் கூடினர். கூட்டத்தில் கேட்பதற்கெனக் கேள்விகள் வகுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் முதற்கேள்வி எது தெரியுமா? அண்மையில் நீர் படித்த நூலில் நம் மன்றத்தார் அறியத்தக்க செய்தி ஏதேனும் கண்டீரா என்பதுதான்! சரித்திரம், ஒழுக்கம், கவிதை, மருத்துவம், பயணம், தொழிற்கலை எதுவாயினும் சரி, படித்தவர் சொல்ல வேண்டும். மற்றவர் கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் சொந்தமாகக் கட்டுரை எழுதிப் படிக்கவும் வேண்டும்.

இன்னொரு விதி நம் சிந்தனைக்குரியது. 'இதுவே முடிந்த முடிபு' என்று அடித்துப் பேசுவதும், 'நீர் சொல்வது தவறு' என்று முகத்திலடித்தாற்போல் மறுப்பதும் அங்கே தடுக்கப்பட்டன. மீறினால் சிறு அபராதம். வாதிட வேண்டாம் என்பது அதன் பொருளன்று. வெற்றி வேட்கையை விடுத்து உண்மையைத் தேடுக என்பதே பொருள். ஆதாரம் காட்டிப் பேசுபவனுக்கு ஆணவச் சொல் எதற்கு?

பேசப் பேச நூல்கள் தேவைப்பட்டன. பாஸ்டனுக்குத் தெற்கே நல்ல புத்தகக் கடை ஒன்றேனும் அன்று இல்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். தத்தம் நூல்களை ஓரிடத்தில் வைத்துப் பொதுவாகப் பயன்படுத்திப் பார்த்தனர். பேணுவாரின்றி நூல்கள் கெட்டன. ஓராண்டளவில் அவரவர் நூலை அவரவர் எடுத்துச் சென்றனர். ஆயினும் முயற்சியைக் கைவிடவில்லை. 1731-இல் பிலடெல்பியா நூலகக் கழகம் தோன்றியது. ஐம்பது பேர் சேர்ந்தனர்; ஆளுக்கு நாற்பது ஷில்லிங் முதற்பணம், பின் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங். அவர்களில் பெரும்பாலோர் இளம் தொழிலாளர். தனியொருவனால் வாங்க இயலாத நூல்கள் ஐம்பதின்மர்க்கும் உரியவையாயின.

விளைவு என்ன? 1740-களில் இலண்டன் நண்பரொருவர் அந்நூலகத்துக்கு மின்சார ஆய்வுக்குரிய கண்ணாடிக் குழாயொன்றை அனுப்பினார். அதனைக் கொண்டு தொடங்கிய ஆராய்ச்சி, மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்ற உண்மைக்கும், இடிதாங்கிக்கும் வழிகோலியது. ஆண்டவன் கோபம் என்று அஞ்சப்பட்ட இடி, இரும்புக் கம்பியின் வழியே மண்ணுக்குள் இறங்கிற்று. 1755-இல் பாஸ்டன் நகரம் நிலநடுக்கத்தால் அதிர்ந்தபோது, இடிதாங்கிகள் பெருகியதே காரணமாகலாம் என்று பாதிரியார் ஒருவர் அச்சிட்டு எச்சரித்தார். ஆயினும் இடிதாங்கி நின்றது! 1774-இல் குடியேற்ற நாடுகளின் பிரதிநிதிகள் கூடிய முதற் பேரவை, அந்த நூலகம் இருந்த கட்டடத்திலேயே நடைபெற்றது. நூல்களும் அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

இவ்வளவும் போற்றத்தக்கவை. ஆனால் பகுத்தறிவாளன் பாராட்டோடு நின்றுவிடலாகாது. அந்த அறையில் யார் இல்லை என்றும் கேட்க வேண்டும். பெண் இல்லை. கருப்பர் இல்லை. அடிமைக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740-இலேயே சட்டத்தால் தடுத்தது. பிராங்க்ளினே அடிமைகளை வைத்திருந்தவர். முதுமையில்தான், 1787-இல், அடிமை முறை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். அறிவு பேசிய அறைக்கும் கதவு இருந்தது; அந்தக் கதவு பலருக்கு மூடியே கிடந்தது.

மூடிய கதவின் முன் அம்மக்கள் முடங்கிவிடவில்லை. அதே பிலடெல்பியாவில் 1831-இல் கருப்பினப் பெண்கள் தமக்கென இலக்கியச் சங்கம் கண்டனர். கட்டுரை எழுதிப் பெயர் குறிப்பிடாமல் பெட்டியில் இடுவர்; அதனை எடுத்துப் படித்துக் குறைநிறை ஆராய்வர். 1833-இல் கருப்பின மக்கள் தமக்கென நூலகக் கழகத்தையும் நிறுவினர். நூலோடு நில்லாமல் விவாதமும் அங்கே நடந்தது.

வேதத்தைக் காதால் கேட்டாலும் தண்டனை என்று எழுதிவைத்த சாத்திரங்களை நாம் அறிவோம். கடல் கடந்தும் ஆதிக்கத்தின் அச்சம் ஒன்றே: அடிமை படித்துவிடுவான், படித்ததைப் பக்கத்திலிருப்பவனிடம் சொல்லிவிடுவான்! அதனாலன்றோ, தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஏடு படித்து, கேட்டோர் கருத்துரைக்க வளர்ந்த நம் படிப்பகங்கள் பழமையின் கண்ணை உறுத்தின? 1948-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், மக்கள் தரும் நூலக வரியால் நூலகம் நடக்க வழி செய்தது. ஐம்பது பேர் பங்கிட்டு வாங்கிய உரிமை, இங்கே ஊருக்கே உரிமையாயிற்று.

உரிமை வந்தது, பயன் வர வேண்டும். அலமாரியில் உறங்கும் நூல் எந்த மூடநம்பிக்கையையும் முறிக்காது. தனியே படித்துத் தன்னோடு வைத்துக்கொள்வதும் ஒருவகைப் பூட்டே. ஆகவே இளைஞர்களே, வாரம் ஒருநாள் உங்கள் ஊர் நூலகத்தில் கூடுங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். இதுவரை எவரும் அழைக்காதவரை முதலில் அழையுங்கள். அமர்ந்ததும் முதற்கேள்வியைக் கேளுங்கள்: இந்த வாரம் என்ன படித்தீர், தோழரே?