ருக்மணி தேவி: இரு மொழிகளுக்கு நடுவே ஒரு குரல்

சிங்களப் பேசும் படத்தின் வரலாற்றை எழுதுவோர் 1947 ஜனவரி 21ஆம் திகதியிலிருந்தே தொடங்குவர். அன்று திரைக்கு வந்த ‘கடவுணு பொரொந்துவ’வின் கதாநாயகி ருக்மணி தேவி. அவரது இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். 1923இல் நுவரெலியா மாவட்டத்து றம்பொடையில், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சிங்கள ரசிகர்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்ட இக்கலைஞரைப் பற்றித் தமிழில் நாம் எழுதியது மிகச் சொற்பமே.

சிறுமியாகவே மேடையேறிய அவர், பதின்ம வயதில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் புத்தகயா விகாரையைப் போற்றும் பாடலை இசைத்தட்டில் பாடினார். கிறிஸ்தவச் சிறுமியின் குரலில் பௌத்த வீடுகள் பக்தியில் நனைந்தன. பின்னர் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவில் முதன்மை நடிகையானார். ஜயமான்னவின் தம்பியும் நகைச்சுவை நடிகருமான எடியைக் கரம்பிடித்தார்.

மினர்வாவின் மேடை நாடகமே ‘கடவுணு பொரொந்துவ’ என்ற படமாயிற்று. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படப்பிடிப்பு நடந்தது மதுரையில். இயக்கியவர் வங்காளியான ஜோதிஷ் சிங். அதே ஆண்டில் வந்த ‘அசோகமாலா’வுக்கு இசையமைத்தவர் கௌஸ் மாஸ்டர் எனப்பட்ட முஹம்மத் கௌஸ். சேலத்தில் பிறந்து இங்கு வந்து குடியேறிய மொஹிதீன் பேக் திரையில் பாடத் தொடங்கியதும் அப்படத்திலேயே. பிற்காலத்தில் வெசாக் நாட்களில் ஒலித்த பௌத்த பக்திப் பாடல்களால் சிங்கள மக்களிடம் நிலையான இடம்பெற்றவர் அவர். ஆக, சிங்கள சினிமாவின் தொட்டிலைப் பல இனத்தவரின் கைகள் ஆட்டின என்பது மிகையன்று, பதிவான வரலாறு.

1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ வந்தது. ஸ்டூடியோவை விட்டுக் கிராமத்துக்குச் சென்ற கமெரா, தென்னிந்தியப் பாணிப் படங்களின் செயற்கைத்தனத்தை அம்பலமாக்கியது. அந்த விமர்சனம் கலையளவில் நியாயமானதே. தனிச்சிங்களச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. ‘இந்தியப் பிரதி’ என்று ஒரு காலகட்டத்தையே ஒதுக்கியபோது, அதைத் தம் உழைப்பால் கட்டியெழுப்பியவர்களும் ஓரங்கட்டப்பட்டனர். ‘ரேகாவ’வின் மேன்மைக்கு மினர்வா மீதான இளக்காரம் தேவையில்லை.

ருக்மணியின் நட்சத்திர நாட்கள் மங்கின. எனினும் குரல் அவரைக் கைவிடவில்லை. ஊரூராகச் சென்று இசை நிகழ்ச்சிகளில் பாடினார். 1978 ஒக்டோபர் 28ஆம் திகதி, மாத்தறையில் பாடிவிட்டு நீர்கொழும்புக்குத் திரும்பும் வழியில், ஜா-எலவை அண்மித்த துடல்லயில் வாகன விபத்தில் உயிரிழந்தார். அப்போது வயது 55. இறுதி ஊர்வலத்தில் நாடே திரண்டது.

அவர் ‘எங்களவர்’ என்று இன்று உரிமை கோருவது எளிது. ஆனால் ராசம்மா ருக்மணியாக மாறியே அந்த அன்பைப் பெற முடிந்தது என்பதையும், அவர் ருக்மணியானதும் ராசம்மாவை நாமும் மறந்தோம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். மொழிவாரியாக இலக்கிய, கலை வரலாறுகளைப் பிரித்தெழுதும் நம் பழக்கத்தில் முதலில் தொலைந்துபோவோர் இவரைப் போன்றவர்களே. கௌஸ் மாஸ்டருக்கும் மொஹிதீன் பேக்குக்கும் நாம் பட்டிருக்கும் கடனும் இதுவே.