கேரளக் கல்விச் சட்டம்: அரசு சம்பளம் தர, ஆசிரியரைப் பள்ளி நிர்வாகம் நியமிப்பது ஏன்?

கொச்சி: கேரளாவில் அரசு உதவி பெறும் தனியார் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மாநில அரசு சம்பளம் வழங்குகிறது. ஆனால், அவர்களை நியமிக்கும் அதிகாரம் பள்ளி நிர்வாகங்களிடமே உள்ளது. 1957 முதல் 1960 வரை நீடித்த அரசியல் மோதலின் விளைவே இந்த ஏற்பாடு.

கொச்சியில் இந்த வேறுபாட்டை ஒரு பாலத்தின் இரு கரைகளிலும் காணலாம். வில்லிங்டன் தீவில் உள்ள கேந்திரிய வித்யாலயாவுக்கு மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா சங்கதன் அமைப்பே ஆசிரியர்களை நியமிக்கிறது. பாலத்தைக் கடந்து மட்டாஞ்சேரிக்குச் சென்றால், அங்குள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குக் கேரளக் கல்விச் சட்டம் பொருந்தும்.

மசோதா கூறியது என்ன?

1957 ஏப்ரலில் பதவியேற்ற இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசில் கல்வி அமைச்சராக இருந்தவர் ஜோசப் முண்டசேரி. அவர் கொண்டு வந்த மசோதா, ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாகச் சம்பளம் வழங்கவும், அரசுப் பணியாளர் தேர்வாணையம் தயாரிக்கும் பட்டியலில் இருந்தே அவர்களை நியமிக்கவும் வழிவகுத்தது. தேவைப்பட்டால் பள்ளி நிர்வாகத்தை அரசு ஏற்கவும் இடமளித்தது. கத்தோலிக்கத் திருச்சபையும், மன்னத்து பத்மநாபன் தலைமையில் நாயர் சேவை சங்கமும் இதை எதிர்த்தன.

உச்ச நீதிமன்றத்தின் கருத்து

மசோதா குறித்துக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத், அரசியலமைப்பின் 143-ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கோரினார். 1958 மே 22-இல் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையிலான அமர்வு கருத்து தெரிவித்தது. பள்ளியை நிர்வகிக்கும் உரிமையில் அதைச் சீர்கெட நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்று அமர்வு கூறியது. ஆசிரியர் தேர்வு தொடர்பான கட்டுப்பாட்டை ஏற்றது. அதேசமயம், சிறுபான்மையினரின் பள்ளிகளை அரசு கையகப்படுத்தும் பிரிவுகள் அரசியலமைப்பின் 30(1) பிரிவுக்கு முரணானவை என்றது.

திருத்தப்பட்ட மசோதாவுக்கு 1959 பிப்ரவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு ஜூனில் 'விமோசன சமரம்' என்ற போராட்டம் வெடித்தது. ஜூன் 13-இல் அங்கமாலியில் போலீஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 7 பேர் உயிரிழந்தனர். ஜூலை 31-இல் அரசு கலைக்கப்பட்டது.

தேர்தல் அளித்த தீர்ப்பு

அமெரிக்காவின் நெவாடா மாகாணத்தில், பல்கலைக்கழகங்களை நிர்வகிக்கும் குழுவின் அரசியலமைப்புத் தகுதியை நீக்கும் யோசனை 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் வாக்காளர்களிடமே விடப்பட்டு, இரு முறையும் நிராகரிக்கப்பட்டது. மாநிலச் சட்டங்கள் மீது அத்தகைய வாக்கெடுப்பு நடத்த இந்திய அரசியலமைப்பில் வழி இல்லை. எனவே 1960 பிப்ரவரி பேரவைத் தேர்தலே கல்விச் சட்டத்துக்கான சோதனையானது.

அதில் கம்யூனிஸ்ட் கட்சியின் வாக்கு விகிதம் சுமார் 35 சதவீதத்தில் இருந்து 39 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் கட்சிகள் அணி சேர்ந்ததால், அக்கட்சியின் இடங்கள் 60-லிருந்து 29-ஆகக் குறைந்தன. நிலச் சீர்திருத்தம் உள்ளிட்ட பிற பிரச்னைகளும் தேர்தலில் எதிரொலித்ததால், கல்விச் சட்டத்தை மட்டும் மக்கள் எவ்வாறு மதிப்பிட்டனர் என்பதைப் பிரித்தறிய இயலாது.

புதிய அரசு 1960-இல் சட்டத்தின் 11-ஆவது பிரிவைத் திருத்தியது. அதன்படி, நிர்ணயிக்கப்பட்ட தகுதி உடையவர்களைப் பள்ளி மேலாளரே நியமிக்கலாம். அரசு சம்பளம் வழங்கும் பிரிவு நீடித்தது. பொதுப் பணத்தில் சம்பளம் வழங்கப்படும் பணியிடங்களை நிரப்புவது யார் என்ற கேள்வி கேரளாவில் இன்றும் விவாதிக்கப்படுகிறது.