பற்றறியைக் காத்த ஈருலோகத் தகடு

1930களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் விற்பனையான சில கார்களின் முகப்புப் பலகையில் 'கோடை', 'குளிர்காலம்' எனக் குறிக்கப்பட்ட ஆளி ஒன்று காணப்பட்டது. காருக்குள் அமர்ந்திருப்போரின் சுகத்துக்காக அமைந்ததல்ல அது. பற்றறிக்குச் செல்லும் மின்னேற்றத்தைக் கோடையில் பாதியாக்கவும் குளிர்காலத்தில் முழுமையாக்கவும் சாரதியே அதைத் திருப்ப வேண்டியிருந்தது.

1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் சார்ள்ஸ் கெற்றரிங்கின் மின்தொடக்கி பொருத்தப்பட்டதிலிருந்து, கைப்பிடி சுழற்றி இயந்திரத்தை இயக்கும் ஆபத்தான வேலை மெல்ல மறைந்தது. அதற்குப் பதிலாக, ஈய அமிலப் பற்றறியைப் பேணும் பொறுப்பு வந்து சேர்ந்தது. அன்றைய டைனமோக்களின் 'மூன்றாம் தூரிகை' முறை மின்னோட்டத்துக்கு எல்லை வகுத்ததேயன்றி, பற்றறி நிரம்பிவிட்டதா என அறியவில்லை. நெடும்பயணங்களில் பற்றறி நீர் வற்றாதிருக்க, நண்பகலில் முன்விளக்குகளை எரியவிட்டு ஓடியோரும் உண்டு.

1930களின் நடுப்பகுதியில் லூக்காஸ் நிறுவனத்தின் 'ஈடுசெய்யப்பட்ட வோல்ற்றளவுக் கட்டுப்பாடு' பரவியது. பெயர் சற்று மயக்கந் தருவது. அது ஈடுசெய்தது வெப்பத்தை அன்று, மின்சுமையை. வெப்பத்தைக் கவனிக்கும் வேலை, அத்தகைய பெட்டிகளுக்குள் இருந்த வேறொரு சிறு தகட்டுக்கு உரியது.

சிக்கல் செம்பில் இருந்தது. சீராக்கியின் செப்புச் சுருள் சூடேறினால் அதன் மின்தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் உயரும். 20 பாகை ஏறினால் 8 சதவீதம். 14 வோல்ற்றில் தொடுகையைத் திறக்க வேண்டிய சுருள், 15 வோல்ற்றுக்கு மேலும் வாளாவிருக்கும். பற்றறியோ சூடேறும்போது குறைந்த வோல்ற்றளவையும் குளிரில் கூடிய வோல்ற்றளவையும் வேண்டுவது. ஆக, கவனியாது விட்டால் சீராக்கி பற்றறியின் தேவைக்கு நேரெதிர்த் திசையில் பிழைவிடும். வெயிலில் அமிலத்தைக் கொதிக்கவைத்து, பனியில் பட்டினி போடும்.

மருந்து பழையது. 18ஆம் நூற்றாண்டில் ஜோன் ஹரிசன் தமது கடற்பயணக் கடிகாரத்துக்காக வகுத்த ஈருலோகத் தகடே அது. வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டினால் வெப்பத்தில் தகடு வளையும். அதைச் சீராக்கியின் வில்லுக்குப் பின்னால் வைத்தனர். சூடேறும்போது வில்லின் இறுக்கம் தளர, தொடுகை குறைந்த வோல்ற்றளவிலேயே திறந்தது. செம்பின் பிழையைச் சரிக்கட்டுவதோடு நில்லாமல், பற்றறி கேட்ட திசையில் இன்னும் சற்று அப்பாலும் அது சென்றது என்பதிலேயே அதன் அழகு இருக்கிறது.

இலங்கைக்கு வந்த மொறிஸ் மைனர்களிலும் லூக்காஸின் இத்தகைய பெட்டிகளே இருந்தன. சுமையின்றிச் சுமார் 16 வோல்ற்று என்பது அவற்றின் அளவு. எனினும் பழுதுபார்க்கும் கைந்நூலில் 10 முதல் 40 பாகை செல்சியஸ் வரை தனித்தனி அளவுகள், படிப்படியாக இறங்கும் வகையில், தரப்பட்டிருந்தன. இங்கிலாந்துக்குப் பொருந்திய வரியைக் கொழும்பில் பார்த்துத் திருகாணியைத் திருப்பினால் பற்றறிக்குக் கேடு.

சரிசெய்யும் வேலையை 30 வினாடிகளுக்குள் முடித்துவிட வேண்டுமெனவும் அந்நூல்கள் கண்டிப்பாகக் கூறின. தாமதித்தால் சோதனையின்போதே சுருள் சூடேறி, மானியில் பொய்யான அளவைக் காட்டிவிடும்.