தூசு பறக்காத சிலேட்டு

இந்தூரில் எந்தத் தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குப் போனாலும், அங்கே இரண்டு வயசுக்கு மேல் ஒரு வாண்டு இருந்தால், சோபாவுக்கு அடியில் இது கிடக்கும். வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு பலகை, நூலில் கட்டின ஒரு பிளாஸ்டிக் பேனா, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இழுத்தால் எழுதினதையெல்லாம் துடைத்துவிடும் ஒரு பிடி. கடைக்காரர் "மேஜிக் ஸ்லேட்" என்பார். பிள்ளைகளுக்கு "அழிக்கிற போர்டு". எங்கள் வீட்டில் இப்போது இருப்பது மூன்றாவது. முதலாவதின் பேனா தொலைந்துபோனது. இரண்டாவதின் மேல் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். யார் என்று எழுதினால் தங்கமணி இந்தப் பக்கமே வரமாட்டார் என்பதால் அதை விட்டுவிடுவோம் :-)

இதைக் கண்டுபிடித்தது யார் என்று தேடப்போனால் பொம்மைக் கம்பெனி எதுவும் வரவில்லை. பேனாக் கம்பெனி வந்தது. அதுவும் நமக்கு நன்றாகத் தெரிந்த பைலட் பேனா. நம்மில் முக்கால்வாசிப் பேர் பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை எழுதியது லக்ஸர் வழியாக இங்கே வந்த பைலட் பேனாவில்தானே. 1918ல் டோக்கியோவில் தொடங்கின கம்பெனி அது. ஆரம்பித்த நமிக்கி கப்பல் பொறியாளர், கப்பல் கல்லூரியில் வாத்தியாராகவும் இருந்தவர். கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கூட்டிவருபவருக்கும் பைலட் என்றுதான் பேர். விமானம் ஓட்டுபவரை நினைத்து வைத்த பேர் இல்லை.

அந்தக் கம்பெனிக்காரர்கள் 1974ல் இந்தப் பலகையைச் செய்தார்கள். முதலில் அவர்கள் மனசில் இருந்தது குழந்தைகள் விளையாட்டு அல்ல. சாக்பீஸ் தூசு இல்லாத ஒரு கரும்பலகை. வகுப்பறைக்கு என்று நினைத்தது விளையாட்டு அறைக்குப் போய்ச் சேர்ந்தது.

சரி, பேனாக் கம்பெனிக்கு இது எப்படி வசப்பட்டது? பலகையின் வயிற்றைப் பார்த்தால் புரியும்.

இரண்டு பிளாஸ்டிக் தாள்கள். நடுவில் தேன்கூடு மாதிரி அறுகோண அறைகள். பலகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அறைகள் தெரியும். ஒவ்வொரு அறைக்குள்ளும் கெட்டியான வெள்ளைத் திரவம், அதில் காந்தத்துக்கு மயங்கும் கறுப்புத் துகள்கள். பேனா நுனியில் ஒரு சின்னக் காந்தம். அது மேலே போனால் கீழே கிடக்கும் துகள் மேலே ஏறி, கறுப்பாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அழிக்கிற பிடிக்குள் ஒரு நீளக் காந்தப் பட்டை. அது பின்பக்கமாக ஓடி எல்லாத் துகளையும் கீழே இழுத்துவிடுகிறது. மேலே வெள்ளை மட்டும் மிச்சம். எதுவும் உண்மையில் அழிவதில்லை, மறைந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

கேட்க சுலபமாக இருக்கிறது. கஷ்டமெல்லாம் அந்தத் திரவத்தில்தான். தண்ணியாக இருந்தால், மேலே ஏறின துகள் கொஞ்ச நேரத்தில் தானே இறங்கிவிடும், குழந்தை யானையின் தும்பிக்கையை முடிப்பதற்குள் காது காணாமல் போயிருக்கும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் துகள் அசையவே அசையாது. இழுத்தால் நகர வேண்டும், விட்டால் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். இட்லி மாவில் ஒரு மிளகைப் போட்டுப் பாருங்கள், போட்ட இடத்தில் நிற்கும். விரலால் தள்ளினால் நகரும். ரசத்தில் போட்டால் நேரே அடிக்குப் போகும். இவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு மாதிரி இட்லி மாவு. சாயத்துகள் அடியில் தங்காமல் திரவத்தில் மிதக்கவிடுவது மை செய்கிறவர்களின் அன்றாடத் தலைவலி. அதனால்தான் இது பேனாக்காரர்கள் கைக்கு வந்தது என்பது என் கணிப்பு.

தேன்கூடு எதற்கு? அறைகள் இல்லாவிட்டால் பேனா போகிற பக்கமெல்லாம் துகளும் இழுபட்டுப் போய், ஒரு வாரத்தில் பலகையின் ஒரு மூலையில் எல்லாம் குவிந்துவிடும். அறை இருந்தால் அவரவர் வீட்டுத் துகள் அவரவர் வீட்டிலேயே. இன்னொரு லாபமும் உண்டு. ஏதாவது கூர்மையாகக் குத்தி ஓட்டை விழுந்தாலும் அந்த இடம் மட்டும் காய்ந்துபோகும், மிச்சப் பலகை ஓடும்.

இதற்கு முன்னாலும் அழித்து எழுதும் பொம்மைகள் இருந்தன. 1955ல் அமெரிக்காவின் ஸ்மெத்போர்ட் என்கிற சின்ன ஊரிலிருந்து 'வூலி வில்லி' வந்தது. மொட்டைத் தலை முகத்தின் மேல் இரும்புத்தூள், காந்தக் குச்சியால் இழுத்து மீசை, தாடி வைக்கலாம். குலுக்கினால் போச்சு. பிரான்ஸ் நாட்டு எலெக்ட்ரீஷியன் ஆந்த்ரே கசான்ய் கண்டுபிடித்து, 1960ல் ஒஹையோ ஆர்ட் கம்பெனி விற்கத் தொடங்கின 'எட்ச் எ ஸ்கெட்ச்' இன்னொன்று. அதில் காந்தமே இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டின அலுமினியத் தூளை ஒரு ஊசி சுரண்டுகிறது. நாம் திருவிழாக் கடையில் வாங்கினது மூன்றாவது வகை. மெழுகு அட்டை மேல் பிளாஸ்டிக் தாள், தூக்கினால் 'சர்ர்' என்று எழுத்து போய்விடும். ஆனால் முழுசாகப் போகாது, மெழுகில் தழும்பு இருக்கும். இந்தத் தழும்பை வைத்தே மனுஷ ஞாபகசக்தியைப் பற்றி 1925ல் சிக்மண்ட் ஃப்ராய்ட் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நாலணா சாமானை வைத்து அவருக்கு அவ்வளவு தோன்றியிருக்கிறது!

இனி அந்தத் தூசு விஷயத்துக்கு வருவோம். எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். இதில் ஒரு பாதி நம்மூர்க் கதை. இன்னொரு பாதி நான் இப்போது பிழைப்பு நடத்தும் மாநிலத்தின் கதை.

அழித்து எழுதிப் பழகுவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் முதலில் எழுதினது மணலில். தரையில் மணலைப் பரப்பி, விரலால் 'அ' போட்டு, உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடி 'அ'. கை பழகின பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். ஓலையில் கீறினால் கீறினதுதான், அழிக்க முடியாது. அதனால் முதல் தப்பெல்லாம் மணலோடு போகட்டும் என்று ஏற்பாடு. விஜயதசமி அன்று தட்டில் அரிசி பரப்பி குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அதுவும் இதே வகைதான். பம்பாயிலும் டில்லியிலும் இங்கேயும் அன்றைக்குக் கோயிலில் வரிசையில் நிற்கிற நம் ஆட்களைப் பார்த்தால் தெரியும், எதை விட்டாலும் இதை நாம் விடவில்லை.

1789ல் எழும்பூரில் கம்பெனிச் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியில் ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். ஒருநாள் குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். 'மலபார் பள்ளி' என்று குறித்துவைத்தார். அன்றைக்கு வெள்ளைக்காரர்களுக்குத் தமிழும் மலபார்தான். நம்ம பள்ளியிலும் இப்படிச் செய்யுங்கள் என்று உதவி ஆசிரியர்களிடம் சொன்னபோது அவர்கள் ஒத்துவரவில்லை. பெல் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்கிற எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீயே மணலில் சொல்லிக்கொடு என்றார். அவன் செய்து காட்டினான். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை 1797ல் லண்டனில் புத்தகமாகி, 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் இங்கிலாந்து ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பரவியது. கூடவே மணல் தட்டும் போனது. சட்டாம்பிள்ளை வைத்து நடத்தினதெல்லாம் நம் திண்ணைப் பள்ளி வழக்கம்தான், ஆனால் புகழ் பெல்லுக்கு. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் புதைக்கிற அளவுக்குப் புகழ்.

பிறகு சிலேட்டு வந்து மணலைத் தள்ளிவிட்டது. நமக்கெல்லாம் சிலேட்டு என்றால் கோவை இலை தேய்த்துக் கறுப்பாக்கினது, எச்சில் தொட்டு அழித்தது, பலப்பம் தின்றது என்று கொசுவத்தி சுத்த நிறைய இருக்கும். அந்தப் பலப்பம், சிலேட்டுக் குச்சி, எங்கிருந்து வந்தது என்று நாம் யாரும் கேட்டதில்லை. ஆந்திராவின் மார்க்காபுரம் சிலேட்டுக் கல்லுக்குப் பேர் போனது. குச்சிக்குப் பேர் போன இடம் மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர். இந்தூரிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ போய்விடலாம்.

அங்கே பாறையை மின்சார ரம்பத்தில் அறுத்துக் குச்சியாக்குவார்கள். அறுக்கும்போது பறக்கும் தூசில் இருப்பது சிலிக்கா. அது நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கித் தழும்பாகிவிடும். வெளியே எடுக்க மருந்து கிடையாது. சிலிகோசிஸ் என்று பேர். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் மந்த்சௌர் குச்சித் தொழிலாளர்களைப் பரிசோதித்து 1985ல் வெளியிட்ட ஆய்வில், பார்த்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருந்தது. மாநில அரசு 1982லேயே இந்தத் தொழிலாளர்களுக்கென்று தனியாக ஒரு நலநிதிச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஒரு பள்ளிக்கூட சாமானுக்காக! காசுக்கு இரண்டு என்று வாங்கி, ஒடித்து, தின்று, தூக்கிப் போட்ட குச்சிக்குப் பின்னால் இவ்வளவும் இருந்திருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் மந்த்சௌர்காரர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "ஆமாம், அந்தப் பக்கத்து ஊர்களில் பெரியவர்கள் குறைவு" என்று மட்டும் சொன்னார்.

பைலட் ஆட்களுக்கு மந்த்சௌரைத் தெரிந்திருக்கப் போவதில்லை. அவர்கள் யோசித்தது வகுப்பறையில் பறக்கிற சாக்பீஸ் தூசு. ஆனாலும் தூசுத் துகளைப் பறக்கவிடாமல் ஒரு அறைக்குள் பூட்டி, எழுதவும் அழிக்கவும் வைத்தது சின்ன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

1977ல் ஜப்பானில் டகாரா கம்பெனி இதைப் பொம்மையாக விற்றபோது வைத்த பேர் 'சென்செய்'. அப்படியென்றால் வாத்தியார்! கரும்பலகையாக இருக்க ஆசைப்பட்டதன் அடையாளம் பேரிலாவது மிஞ்சியது. அமெரிக்காவில் 'மேக்னா டூடுல்'. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடர் பார்த்தவர்களுக்கு ஜோயி, சாண்ட்லர் வீட்டுக் கதவில் தொங்கும் பலகை ஞாபகம் இருக்கும், அதுதான் இது. பிறகு வேறு வேறு பேர்கள், வேறு வேறு கம்பெனிகள், கடைசியில் நம் ரயில் பெட்டிக்குள் கூவி விற்கிற அளவுக்கு மலிவு நகல்கள். இப்போது அந்த இடத்தையும் எல்சிடி பலகைகள் பிடித்துக்கொண்டன. 2010ல் 'பூகி போர்டு' என்று அமெரிக்காவில் வந்ததன் வாரிசுகள் அவை. பட்டனை அழுத்தினால் மொத்தமும் போகும். மெல்லிய கோடு விழும், எடையும் கிடையாது.

தமிழ் சொல்லிக்கொடுக்க எது தேவலாம்? எங்களை மாதிரி வெளியூரில் இருப்பவர்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை. பள்ளியில் இந்தியும் இங்கிலீஷும் வந்துவிடும். தமிழ் எழுத்து வீட்டில் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நோட்டைத் திறந்தாலே பிள்ளைக்கு ஹோம்வொர்க் வாசனை அடிக்கிறது. காந்தப் பலகையை எடுத்தால் அடிப்பதில்லை, தப்பாகப் போட்ட 'இ' சிவப்பு மையோடு நாளைக்கு வந்து நிற்காது. அந்த வகையில் இது மணல் தட்டின் நேர் வாரிசு.

குறையும் இருக்கிறது. கோடு தடிமன். 'ட', 'ப', 'ம' எல்லாம் அழகாக வரும். 'ஞ', 'ண', 'ஜ' என்று சுழி போட ஆரம்பித்தால் சுழிக்குள் சுழி அடைந்து கறுப்புப் பொட்டாகிவிடும். பலகைக்கு ஒரே எழுத்து என்று பெரிசாகப் போட்டால்தான் தப்பிக்கும். இன்னொன்று, சிலேட்டில் குச்சி உரசும்போது கைக்கு ஒரு பிடிப்பு கிடைக்கும், இதில் பேனா வழுக்கிக்கொண்டு போகிறது. எழுத்தின் வடிவம் பழக இது போதும், கையெழுத்துப் பழகப் போதாது. எங்கள் வீட்டில் உயிரெழுத்து பன்னிரண்டும் பலகையில், உயிர்மெய்க்குப் பென்சிலும் கோடு போட்ட நோட்டும் என்று பிரித்துக்கொண்டோம். தற்போது 'ஐ'யில் நிற்கிறோம். அது யானை மாதிரி இருக்கிறது என்று சொல்லி அம்மணி நாலு கால் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

பி.கு: வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பேனா நுனியிலும், கூட வரும் வட்டம், நட்சத்திர அச்சுகளிலும் காந்தம் இருக்கும். அது கழன்று வந்து, குழந்தை ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓட்டை போடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எல்சிடி பலகையில் இருக்கும் பட்டன் பேட்டரியும் அதே மாதிரி ஆபத்து, ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கிறதா பாருங்கள். 2021 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விற்கும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ரயிலில் வாங்கும்போது அதைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள்.