பொருளா, விலையா?

ஒருவருடைய அசையும் பொருளை இன்னொருவர் பிடித்து வைத்துக்கொண்டு தர மறுத்தால், அந்தப் பொருளையே வாங்கித் தருவதா, அதன் விலையை வாங்கித் தருவதா? இங்கிலாந்தின் பொதுச் சட்டம் இதற்குப் பல நூற்றாண்டுகள் பெரும்பாலும் விலை என்றே பதில் சொன்னது. நிலம் பறிகொடுத்தவர் நிலத்தையே மீட்கலாம். நகை பறிகொடுத்தவருக்கு அந்த உறுதி கிடையாது.

ஜப்தி செய்யப்பட்ட பொருளுக்கு, குறிப்பாகக் கால்நடைக்கு, தனி வழி இருந்தது. வாடகைப் பாக்கிக்காக நிலப்பிரபு ஓட்டிச் சென்ற மாட்டை, ஜாமீன் வாங்கிக்கொண்டு ஷெரீஃப் முதலில் உரியவரிடம் சேர்ப்பார். ஜப்தி சரிதானா என்ற விசாரணை அதற்குப் பிறகுதான். ரிப்ளெவின் எனப்பட்ட இந்த முறையில், புகார் வந்ததுமே செயல்படும் அதிகாரத்தை 1267ஆம் ஆண்டு மார்ல்பரோ சட்டம் ஷெரீஃபுக்குத் தந்தது. உழவு மாடு இல்லாமல் ஒரு பருவம் தப்பினால் குடியானவன் தலையெடுக்க முடியாது. வழக்கு முடியும்வரை அவனைக் காக்க வைக்காத இந்த ஏற்பாடு, அக்காலச் சட்டத்தில் ஈரம் மிகுந்த பகுதி.

ஜப்தியல்லாமல் பிடித்து வைக்கப்பட்ட பொருள்களுக்கு உரியது டெடினியூ வழக்கு. இதில் இரண்டு பெருங்குறைகள். பிரதிவாதி தாம் சத்தியம் செய்து, அவர் சொல் மெய்யென்று வேறு 11 பேரும் சத்தியம் செய்துவிட்டால் வழக்கு அங்கேயே விழுந்துவிடும். கூலிக்குச் சத்தியம் செய்யவும் பின்னாளில் ஆள் கிடைத்தது. 1833 வரை இந்த முறை சட்டப் புத்தகத்தில் நீடித்தது. வாதியே வென்றாலும், பொருளைத் தரலாம் அல்லது விலையைத் தரலாம் என்றுதான் தீர்ப்பு அமையும். எதைத் தருவது என்பது தோற்றவரின் விருப்பம்.

சத்தியத் தொல்லைக்கு அஞ்சிய வழக்கறிஞர்கள் 16ஆம் நூற்றாண்டில் ட்ரோவர் வழக்கை வளர்த்தார்கள். வாதி பொருளைத் தொலைத்தார், பிரதிவாதி கண்டெடுத்தார் என்று ஒரு கற்பனைக் கதை வழக்குரையில் எழுதப்படும்; அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கிடைப்பது நஷ்டஈடு மட்டுமே. 1722இல் புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன், தான் கண்டெடுத்த நகையை மதிப்பிட ஒரு பொற்கொல்லர் கடையில் கொடுத்தான். கடைப் பையன் கற்களைக் கழற்றிக்கொண்டு வெறும் கூட்டை நீட்டினான். கல்லைக் காட்டாவிட்டால், அந்தக் கூட்டில் பொருந்தக்கூடிய உயர்ந்த கல்லின் விலையைக் கணக்கிடும்படி நீதிபதி ஜூரிக்குச் சொன்னார். உண்மையான உரிமையாளர் வராதவரை, கண்டெடுத்தவன் உரிமையே மேல் என்ற விதியும் இவ்வழக்கில் நிலைபெற்றது.

விலை வைக்க முடியாத பொருளுக்கு, பொதுச் சட்டத்துக்கு அப்பால் நியாயத்தின் அடிப்படையில் தீர்ப்பளித்த சான்சரி நீதிமன்றம் வழிவிட்டது. ஒரு குடும்பத்தின் நில உரிமைக்கு அடையாளமாக இருந்த பழங்கொம்பை, 1684இல் பியூசி வழக்கில் அந்தப் பொருளாகவே மீட்க அது இடம் தந்தது. பொதுச் சட்ட நீதிமன்றங்களுக்கு இந்த அதிகாரம் வர 1854ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது. டெடினியூ 1977ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, அதன் பணி ட்ரோவரின் வழிவந்த வழக்கு வகையில் சேர்க்கப்பட்டது.

இந்தியாவில் பொருளையே மீட்டுத் தரும் இந்த நீதி 1877ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்திலேயே எழுத்தில் ஏறியது. பணத்தால் ஈடாகாத பொருளுக்கு அந்தச் சட்டம் காட்டிய உதாரணம் குலதெய்வ விக்கிரகம்: குடும்பத்தின் விக்கிரகத்தை வைத்திருப்பவர் அதை உரிய பாதுகாவலரிடம் ஒப்படைக்கக் கட்டாயப்படுத்தப்படலாம். இந்த நாட்டு வழக்கத்தை அறிந்து எழுதிய வரி அது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7, 8ஆம் பிரிவுகள் அவ்விதிகளைத் தொடர்கின்றன.

விக்கிரகம் ஒன்று லண்டன் நீதிமன்றத்திலேயே வழக்கானது. தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் 1976இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த செப்புத் திருமேனி நடராசர், கடல் கடந்து சென்று ஒரு கனடா நிறுவனத்துக்கு விலையானார். 1982இல் லண்டன் காவல்துறை அவரைக் கைப்பற்றியது. திருப்பித் தரக் கோரி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. எதிர்த்து உரிமை கோரியவர்களில் பத்தூர்க் கோயிலும் ஒன்று. இந்தியச் சட்டத்தில் கோயில் வழக்காடும் தகுதியுள்ள நபர். இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படியில்லை. தமிழ்நாட்டுச் சட்டம் தந்த தகுதியை மதித்து, 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கோயிலின் உரிமையை உறுதிசெய்தது. அதே ஆண்டு நடராசர் இந்தியா திரும்பினார்.