தஞ்சை நால்வர்: சேர்ந்ததும் பிரிந்ததும்

உடையார்பாளையம் என்றவுடன் நம் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதி மாணவர்களுக்குப் பழைய ஜமீன் நினைவுக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஜமீனின் ஆதரவைப் பெற்றிருந்தவர் கனம் கிருஷ்ணையர். டாக்டர் உ. வே. சாமிநாதையரின் தந்தையார் அவரிடமே இசை பயின்றார். அவர் இங்கு வருவதற்குமுன் தஞ்சை அரசவையிலும் இருந்தவர். அதே காலத்தில் அத்தஞ்சையில் எழுந்த ஓர் இசைக் குழுவின் கதையை இன்று கூறப் புகுகின்றேன்.

நட்டுவனார் சுப்பராயரின் மக்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என நால்வர். 1802 முதல் 1810 வரை பிறந்த இவர்கள், முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்றனர். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் (1798–1832) அரசவையில் புகழ்பெற்றனர். அதற்குமுன் சதிராட்டத்தில் உருப்படிகள் பல இருந்தன. அவற்றை அலாரிப்பு, ஜதிசுவரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்திப் புதியனவும் இயற்றிச் சேர்த்தது நால்வரின் பெரும்பணி. எளிய அசைவில் தொடங்கி, வர்ணத்தில் உச்சிக்கு ஏறி, தில்லானாவில் நிறைவுறும் ஒழுங்கு அது. அயல்நாட்டு வாத்தியமான பிடிலை நம் இசைக்கு உரியதாக்கிய முன்னோடிகளுள் இளையவர் வடிவேலுவும் ஒருவர்.

இத்துணைச் சிறப்பும் ஓர் அரசரின் தயவையே நம்பி நின்றது. அரண்மனையோடு மனத்தாங்கல் நேர்ந்து நால்வரும் தஞ்சையை விட்டு நீங்கினர் என்பர். திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் மகாராஜா அவர்களை வரவேற்றார். 1834இல் வடிவேலுவுக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார். வடிவேலு அங்கேயே தங்கிவிட்டார். சின்னையா மைசூர் அரசவைக்குச் சென்றார். பொன்னையாவும் சிவானந்தமும் தஞ்சைக்குத் திரும்பினர். ஒரே வீட்டில் பாடிய நால்வர் மூன்று நாடுகளில் வாழலாயினர். 1846இல் சுவாதித் திருநாள் தம் முப்பத்துமூன்றாம் வயதில் மறைந்தார். 1855இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறக்கவே, ஆங்கிலக் கம்பெனியார் அந்நாட்டைத் தமதாக்கிக்கொண்டனர். கலைஞரைப் போற்றிய அவையும் கலைந்தது.

குழு பிரிந்தது, ஆயினும் அதன் ஆக்கம் அழியவில்லை. ஏன்? கனம் கிருஷ்ணையரின் பதங்கள் இன்றும் உள்ளன. ஆனால் அரிய குரற்பயிற்சியை வேண்டிய அவருடைய கனமார்க்கம் வழக்கொழிந்தது. நால்வரின் வரிசையோ பிறருக்குக் கற்பிக்கத்தக்கதாய் இருந்தது. அவர்கள் மரபில் வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954) அதனைக் காத்தார். அவரிடம் பயின்ற ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார்.

இங்கு ஒன்றை மறத்தல் கூடாது. ஒரு நூற்றாண்டுக் காலம் அவ்வரிசையை ஆடிக் காத்தவர்கள் தேவதாசிப் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. பொட்டுக்கட்டும் வழக்கம் 1947இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது, அது வேண்டியதே. ஆனால் அவர்கள் காத்த கலையைப் பாராட்டும் நாம், காத்த கரங்களை மறப்பது நன்றன்று.

மாணவர்களே! அடுத்தமுறை ஒரு நாட்டிய அரங்கில் அலாரிப்புத் தொடங்கும்போது, பிரிந்துபோன அந்த நால்வரையும் பெயர் தெரியாத அப்பெண்களையும் ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.