எல்லைக்கோட்டின் இருபுறமும் கிளாஸும் இன்டர்ஃபேஸும்

கம்பம்மெட்டுக்குக் கீழே தேனி மாவட்டம், மேலே இடுக்கி. ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் ஏறிப் போகும் கம்பம் பள்ளத்தாக்குக் குடும்பத்துப் பிள்ளையும், மலையிலேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையும் பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்தால் படிப்பது ஒரே விஷயத்தைத்தான். ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலாக்கம் இருவருக்கும் உண்டு. ஆனால் அதற்குள் நுழையும் வாசல் வேறு வேறு.

கேரளப் பாடநூல் சி பிளஸ் பிளஸ் மொழியில் நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் முதல் பாடம் ஸ்ட்ரக்சரும் பாயின்டரும். இரண்டாவது பாடம் ஆப்ஜெக்ட், கிளாஸ், மரபுரிமம், பல்லுருவாக்கம் ஆகிய கருத்துகள். இந்த வரிசை எனக்குப் பிடித்தது. ஸ்ட்ரக்சரில் விவரங்களை ஒன்றாகக் கட்டி வைக்கப் பழகிய மாணவருக்கு, அவற்றின் மேல் வேலை செய்யும் ஃபங்ஷனையும் உள்ளே சேர்த்துவிட்டால் கிளாஸ் என்பது சட்டென்று பிடிபடும். சி பிளஸ் பிளஸை உருவாக்கிய ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் 'கிளாஸ்களுடன் கூடிய சி' என்று தொடங்கியதும் ஏறக்குறைய இதே வழியில்தான். அவருக்கு முன்மாதிரி நார்வேயில் டாலும் நியூகார்டும் உருவாக்கிய சிமுலா 67. குறை எங்கே என்றால், கருத்தைச் சொல்லி முடித்ததும் புத்தகம் டேட்டா ஸ்ட்ரக்சர், எச்டிஎம்எல், பிஎச்பி, எஸ்கியூஎல் என்று நகர்ந்துவிடுகிறது. கிளாஸ் கை பழகும் அளவுக்கு எழுதப்படுவதில்லை.

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன்னிலேயே சி பிளஸ் பிளஸ் முழு வீச்சில் வருகிறது. கிளாஸ், கன்ஸ்ட்ரக்டர், மரபுரிமம், ஓவர்லோடிங் எல்லாமே நிரலாக எழுதிப் பார்க்க வேண்டியவை. 2019இல் வந்த பிளஸ் டூ புத்தகம் பைத்தானுக்கு மாறியது. தமிழ்வழிப் புத்தகமும் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்த இடுக்கிப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இதே கருத்துகளை ஆங்கிலத்தில்தான் சந்திக்கிறது. கருத்தோடும் மொழியோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டும் அந்தப் பிள்ளைக்கு, கீழேயிருந்து ஒரு தமிழ்வழிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாலே பெரிய உதவி.

இன்டர்ஃபேஸ் விஷயத்தில் ஒப்பீடு இன்னும் கூர்மையாகிறது. எல்லைக்கு இருபுறமும் எல்லோருக்கும் தெரிந்த ஏலக்காய் ஏலத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் கேரளப் பக்கம் புத்தடியிலும் நடக்கிறது, தமிழ்நாட்டுப் பக்கம் போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. ஒரு லாட்டின் எடை, தரம், விலை, அவற்றின் மேல் நடக்கும் கணக்கு ஆகியவை சேர்ந்தது ஒரு கிளாஸ். ஏல மையம் என்பது வேறு. லாட்டைப் பதிவு செய், கேட்ட விலையை ஏற்றுக்கொள், கடைசி விலையில் முடித்துக் கொடு: இந்த மூன்றும் எந்த மையத்திலும் கிடைக்க வேண்டும் என்ற ஒப்பந்தம்தான் இன்டர்ஃபேஸ். உள்ளே எப்படி நடக்கிறது என்பதை அது சொல்லாது. வியாபாரிக்கான நிரலை இந்த மூன்று செயல்களை மட்டும் நம்பி எழுதிவிட்டால், புத்தடிக்கும் போடிக்கும் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை.

1995இல் வெளிவந்த ஜாவாவில் இதற்கென்றே ஒரு கீவேர்டு இருக்கிறது. இரு மாநிலமும் ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலாக்கத்துக்குத் தேர்ந்த சி பிளஸ் பிளஸிலும் பைத்தானிலும் அது இல்லை. சி பிளஸ் பிளஸில் ப்யூர் விர்ச்சுவல் ஃபங்ஷன்கள் மட்டும் கொண்ட கிளாஸ் அந்த இடத்தை நிரப்புகிறது. போடிக்கான கிளாஸில் விலையை ஏற்கும் ஃபங்ஷனை எழுத மறந்துவிட்டு அதிலிருந்து ஆப்ஜெக்ட் உருவாக்கப் பார்த்தால் கம்பைலர் அங்கேயே தடுத்துவிடும். பைத்தானில் சாதாரணமாக எழுதிய கிளாஸ் அப்படித் தடுக்காது. நிரல் ஓடும், ஏலமும் தொடங்கும். விட்டுப்போன ஃபங்ஷனை அழைக்கும் வரி வரும்போதுதான் பிழை தெரியும். மறைத்து வைப்பதிலும் இதே வேறுபாடு. சி பிளஸ் பிளஸ் கிளாஸில் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் உறுப்புகள் பிரைவேட். பைத்தானில் பெயருக்கு முன் இரண்டு அடிக்கோடு இட்டால் பெயர் உள்ளுக்குள் மாற்றப்படும், அவ்வளவுதான். வழி தெரிந்தவர் வெளியிலிருந்தே எடுத்துவிடலாம்.

ஆகவே முதலில் கற்கச் சி பிளஸ் பிளஸின் கண்டிப்பு நல்லது என்பது என் முடிவு. ஒப்பந்தத்தை மீறினால் என்ன ஆகும் என்று அது உடனே காட்டுகிறது. இந்த வகையில் இரு மொழியையும் தொடும் தமிழ்நாட்டு மாணவருக்கே வாய்ப்பு அதிகம். அந்த வாய்ப்பு முழுதாகப் பயன்படவில்லை என்பதுதான் வருத்தம். பிளஸ் டூ புத்தகத்தின் முதல் பாடம் இன்டர்ஃபேஸுக்கும் அதைச் செயல்படுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை அழகாகவே விளக்குகிறது. பைத்தான் கிளாஸ் வருவதோ பத்தாம் பாடத்தில். நடுவில் எட்டுப் பாடங்கள். பத்தாம் பாடத்தை எட்டும்போது முதல் பாடத்தில் படித்தது தேர்வு விடையாக மட்டுமே நினைவில் நிற்கும்.

இதைச் சரிசெய்யப் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். பைத்தானின் ஏபிசி மாட்யூலைக் கொண்டு ஏல மையத்துக்கு ஒரு கிளாஸ் எழுதி, அதன் மூன்று செயல்களையும் உள்ளே ஒன்றும் செய்யாத மெத்தடுகளாக வைத்து அப்ஸ்ட்ராக்ட் என்று குறிக்கலாம். அதிலிருந்து புத்தடிக்கு ஒன்று, போடிக்கு ஒன்று என இரண்டு கிளாஸ்கள். போடியில் ஒரு மெத்தடை வேண்டுமென்றே விட்டுவிட்டு ஆப்ஜெக்ட் உருவாக்கினால், இப்போது பைத்தானும் மறுத்துவிடும். கேரள மாணவர் இதையே தம் லேபில் உள்ள சி பிளஸ் பிளஸில் எழுதலாம். இரண்டு நிரல்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால், பிழைச்செய்தி எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதில் மட்டும்தான் வேறுபாடு: சி பிளஸ் பிளஸில் கம்பைல் செய்யும்போது, பைத்தானில் ஆப்ஜெக்ட் பிறக்கும்போது.